விசா ரிஜெக்ட் ஆன பிறகு மறுபடி விண்ணப்பிப்பது: உடனே போடலாமா, பொறுக்கணுமா?

பனித்துளி | ஜனவரி 13, இரவு 10:12

வணக்கம். இங்கே பல வருடமாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா இல்லை, ஒரு தாள்தான் இருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசா கேட்டிருந்தேன், 45 நாளுக்கு. தாளில் இரண்டு கட்டங்களில் குறி போட்டிருக்கிறார்கள். பயண நோக்கத்துக்கும் தங்குமிடத்துக்கும் நான் கொடுத்த தகவல் நம்பத் தக்கதாக இல்லையாம். விசா முடியுமுன் திரும்பிப் போவேன் என்பதிலும் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம்.

பதினேழு வருடமாக ஒரே பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். திரும்பி வராமல் நான் எங்கே போகப் போகிறேன்? அந்த ஒரு வரியை நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறார்களே என்று இருந்தது.

ஏஜென்ட் என்ன சொல்கிறார் என்றால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு அடுத்த வாரமே வேறொரு ஷெங்கன் நாட்டின் வழியாகப் போடலாம், பழைய ரிஜெக்ட் யாருக்கும் தெரியாது என்கிறார். ஜூனுக்குள் நான் போய்வந்தே ஆக வேண்டும். அவர் சொல்கிறபடி செய்யலாமா?


நெடுவழி | ஜனவரி 13, இரவு 11:05

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விண்ணப்பித்தபோது பத்து விரல் ரேகையும் கொடுத்தீர்கள் இல்லையா? ரேகை, படம், விண்ணப்ப விவரம், மறுத்த காரணம் எல்லாம் விஐஎஸ் என்ற பொதுத் தகவல் தொகுப்பில் 5 வருடம் இருக்கும். ஷெங்கன் நாடுகளின் தூதரகங்கள் எல்லாமே அதைத்தான் பார்க்கின்றன. பாஸ்போர்ட் எண் மாறலாம், விரல் மாறாதே. வேறு நாட்டில் போட்டாலும் திரையில் ஜனவரி விண்ணப்பம் வந்து நிற்கும். போதாததற்கு, மறைக்கப் பார்த்தீர்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

நாட்டை மாற்றுவதும் நம் இஷ்டம் இல்லை. பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாட்டிலோ, அல்லது அதிக நாள் எங்கே தங்குகிறோமோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா கிடைப்பதற்காக ஒரு நாட்டைக் காட்டிவிட்டு இன்னொரு நாட்டில் போய்த் தங்கினால், கிடைத்த விசாவையே ரத்து செய்ய முடியும்.

இனி ஆறுதலான விஷயம். ஷெங்கன் விசாவுக்கு அடிப்படையான 2009ஆம் ஆண்டு விசா சட்டத்தொகுப்பில், 21ஆவது பிரிவில் இப்படி இருக்கிறது: முன்பு மறுக்கப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் புது விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது, கிடைக்கிற எல்லாத் தகவலையும் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. கட்டிய 90 யூரோ மட்டும் திரும்ப வராது.

ஆகவே ‘எப்போது’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எதை மாற்றப் போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு நாலு விவரம் வேண்டும். எங்கே தங்குவதாகக் காட்டினீர்கள்? பேங்க் ஸ்டேட்மெண்டில் கடைசி மூன்று மாதம் எப்படி இருந்தது? விடுப்புக் கடிதத்தில் எத்தனை நாள்? நிஜமாகவே எதற்காகப் போகிறீர்கள்?


கடற்காகம் | ஜனவரி 14, காலை 7:30

அக்கா, ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. இது எல்லாம் எந்த அதிகாரி கையில ஃபைல் போகுதுங்கிறதைப் பொறுத்தது. எனக்கு ஒரு தடவை ரிஜெக்ட் ஆச்சு. அதே பேப்பரையே ஒரு மாசம் கழிச்சுப் போட்டேன், கிடைச்சுது. நீங்களும் ஒரு தடவை அப்படியே போட்டுப் பாருங்க.


மாலைவெயில் | ஜனவரி 14, காலை 9:18

கடற்காகம், உங்களுக்கு அப்படி நடந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. என் அனுபவம் நேர் எதிர். பி1/பி2 என்கிற அமெரிக்க வணிக, சுற்றுலா விசாவுக்கு மூன்று முறை நின்றவன் நான்.

முதல் முறை 214(பி) பிரிவின்படி மறுப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சட்டப்பிரிவின்படி, சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரி தொடங்க வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. மேல்முறையீடும் கிடையாது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கோபத்தில் மூன்றே வாரத்தில் மறுபடி பணம் கட்டினேன். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் பழைய பதில்களை அப்படியே நிரப்பினேன். கூடுதலாக எடுத்துப்போனது ஒரு தடித்த ஃபைல், அவ்வளவுதான்.

அதிகாரி ஃபைலைத் தொடவே இல்லை. “போன தடவைக்கும் இதுக்கும் உங்க நிலைமையில என்ன மாறியிருக்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் பதினாலு மாதம் போடவில்லை. இடையில் ஒப்பந்த வேலை நிரந்தரம் ஆனது, இரண்டு வெளிநாட்டுப் பயணம் போய் நாள் தவறாமல் திரும்பினேன். மூன்றாம் முறை போனபோது பயணக் காரணமே வேறு. அலுவலகம் அனுப்பும் ஆறு நாள் கருத்தரங்கு. முன்னால் இரண்டு தடவை மறுக்கப்பட்டதைப் படிவத்தில் அப்படியே எழுதினேன். அதே கேள்வி வந்தது, இந்த முறை மூன்று வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தது.

இன்னொரு குறிப்பு, யாருக்காவது உதவும். அமெரிக்கத் தூதரகத்தில் 221(ஜி) என்று தாள் கொடுத்தால் அதை 214(பி)யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏதோ ஆவணம் குறைகிறது, அல்லது இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கேட்ட ஆவணத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் போதும், புதுக் கட்டணம் கட்ட வேண்டாம். அது புரியாமல் புதிதாகப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.


பனித்துளி | ஜனவரி 14, மாலை 6:47

நெடுவழி ஐயா, நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன்.

நிஜக் காரணம் என் தங்கை. அவள் அங்கே எட்டு வருடமாகக் கணவரோடு இருக்கிறாள். மே மாதக் கடைசியில் பிரசவம். அம்மா இல்லை. குழந்தை பிறந்த பிறகு கொஞ்ச நாளாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

‘தங்கை அங்கே இருக்கிறாள் என்று காட்டினால் நீங்களும் அங்கேயே தங்கிவிடுவீர்கள் என்று சந்தேகப்படுவார்கள், சுற்றுலா என்றே போடுவோம்’ என்றார் ஏஜென்ட். மூன்று ஊர்களில் ஹோட்டல் புக்கிங் அவரே போட்டுக்கொடுத்தார். விண்ணப்பம் கொடுத்த மறுநாள் அதையெல்லாம் கேன்சல் செய்துவிட்டதாக இப்போதுதான் சொல்கிறார்.

பேங்க் கணக்கில் சம்பளமும் வீட்டுச் செலவும்தான் ஓடும். இருப்பு குறைவாக இருக்கிறது என்று அண்ணனிடம் வாங்கி ஒரு தொகை போட்டோம். கிட்டத்தட்ட என் ஏழு மாதச் சம்பளம். விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு.

விடுப்புக் கடிதத்தில் 30 நாள். இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் கவனிக்கிறேன், 45 நாளுக்கு விசா கேட்டிருக்கிறேன்.


நெடுவழி | ஜனவரி 14, இரவு 8:20

ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. இனி யாரும் ஊகம் செய்ய வேண்டியதில்லை. 30 நாள் விடுப்பு, 45 நாள் விசா. மீதி 15 நாள் வேலையை விட்டுவிட்டு அங்கே என்ன செய்வார் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும். திரும்பிப் போவதில் சந்தேகம் என்ற குறிக்கு இது ஒன்றே போதும்.


எழுதுகோல் | ஜனவரி 15, அதிகாலை 5:50

அம்மா பனித்துளி, பணி ஓய்வுக்குப் பிறகு விண்ணப்பக் கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்துவருகிறேன், பணம் வாங்குவதில்லை. விசா மறுப்புத் தாள்கள் நிறைய பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இருக்கும் சொற்கள் உங்களைக் குறித்துத் தனியாக எழுதியவை அல்ல. விசா சட்டத்தொகுப்பின் பின்னிணைப்பில் இருக்கிற ஒரு பொதுப் படிவம் அது. எல்லா நாடும் அதே வரிகளைத்தான் பயன்படுத்துகின்றன. அதிகாரிக்கு உங்கள் முகம் தெரியாது, பதினேழு வருடம் நீங்கள் பாடம் சொன்ன வகுப்பறை தெரியாது. அவர் முன் இருந்தது ஒரு கட்டுக் காகிதம். அந்தக் காகிதம் சொன்ன கதையை அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது, ஏனென்றால் அது உங்கள் கதையே இல்லை. வேறொருவர் புனைந்து உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்ட கதை.

ஹோட்டல் புக்கிங் நிற்கிறதா என்று தூதரகம் நேரடியாகவே கேட்டுப் பார்க்க முடியும். ஏழு மாதச் சம்பளம் ஒரே நாளில் வந்து விழுந்தால், யார் பணம் என்ற கேள்வி உடனே எழும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சுற்றுலாவுக்கு இவ்வளவு பாடுபடும் ஆசிரியை உண்மையில் எதற்குப் போகிறார் என்றுதானே யோசிப்பார்கள்?

இப்போது படிவத்தை எடுத்துப் பாருங்கள். பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலாவுக்குப் பக்கத்திலேயே ‘குடும்பத்தினரை அல்லது நண்பர்களைப் பார்க்க’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தங்கையைப் பார்க்கப் போவது அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டு தனி இடம் கொடுத்திருக்கும் காரணம். அதை மறைக்க ஒரு அவசியமும் இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. நேர்மையான மனிதர்களைப் பொய் சொல்ல வைத்து, அந்தப் பொய்க்குக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அண்ணன் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கணக்கில் சம்பளம் வருவதும் செலவு போவதும் இயல்பாகத் தெரியட்டும், மூன்று மாதம் அப்படி ஓடட்டும். இருப்பு குறைவு என்று பயப்பட வேண்டாம். தங்கும் இடமும் சாப்பாடும் தங்கை வீட்டில் என்றால் கையில் காட்ட வேண்டிய பணமும் குறையும். அதற்கு அவர் முறையான அழைப்பு அனுப்ப வேண்டும், அது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனி என்றால் அயல்நாட்டவர் அலுவலகத்தில் செலவுக்குப் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. பிரான்ஸ் என்றால் நகராட்சியில் வாங்கும் தங்குமிடச் சான்று. வெறும் மின்னஞ்சலில் ‘என் அக்கா வருகிறார்’ என்று எழுதினால் போதாது.

நாளைக் குறையுங்கள். விடுப்பு எத்தனை நாளோ அதற்குள் பயணம் அடங்க வேண்டும். பள்ளிக் கடிதத்தில், நீங்கள் எந்தத் தேதி பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது கட்டாயம் இருக்கட்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை போகும். ஆக ஏப்ரல் முதல் வாரம் கொடுத்தால் நேரம் சரியாக இருக்கும்.


தூரத்துவெளிச்சம் | ஜனவரி 15, மதியம் 1:12

எழுதுகோல் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக.

என் மைத்துனர் இங்கிலாந்து விசிட்டர் விசாவுக்குப் போட்டார். அவருக்கும் ஒரு ஏஜென்ட். பேங்க் ஸ்டேட்மெண்டையே திருத்திக் கொடுத்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டார்கள். வெறும் மறுப்போடு விடவில்லை, ஏமாற்று முயற்சி என்று எழுதி 10 வருடத் தடை. நிஜமான ஸ்டேட்மெண்டைக் கொடுத்திருந்தால், மிஞ்சிப்போனால் சாதாரண மறுப்பு வந்திருக்கும், அடுத்த மாதமே மறுபடி போட்டிருக்கலாம். இப்போது அவருடைய மகள் அங்கே படிக்கிறாள், பட்டமளிப்புக்குக் கூட இவரால் போக முடியாது.

கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு 3 வருடம், அடையாளத்திலேயே பொய் என்றால் 10. அமெரிக்காவில் நிரந்தரத் தடை, சிறப்பு விலக்கு வாங்கினால்தான் வழி. இந்த நாடுகள் தங்களுக்குள் தகவலும் பகிர்ந்துகொள்கின்றன. இங்கிலாந்து, கனடா படிவங்களில் ‘வேறு எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா’ என்றே கேட்கிறார்கள். பனித்துளி அக்கா, நாளைக்கு அந்த நாடுகளுக்கு எப்போது போட்டாலும் இந்த ஜனவரி மறுப்பை ஆம் என்று எழுத வேண்டும். எழுதினால் ஒன்றும் ஆகாது. எழுதாமல் விட்டால்தான் ஆபத்து.


கடற்காகம் | ஜனவரி 15, மதியம் 2:40

நான் நேத்து காலையில எழுதினது தப்பா வழிகாட்டிடக் கூடாது. எனக்கு ரிஜெக்ட் ஆனது இன்ஷூரன்ஸ் தொகை 30,000 யூரோவுக்குக் குறைவா இருந்ததால. இப்போ யோசிச்சா, ரெண்டாவது தடவை புது இன்ஷூரன்ஸ் எடுத்துதான் போட்டேன். அதே பேப்பர்னு நானே நினைச்சுட்டிருந்தேன். மாத்த வேண்டியது மாறியிருந்ததாலதான் கிடைச்சிருக்கு. மன்னிச்சுக்குங்க அக்கா.

ஒரு கேள்வி. அப்பீல் பண்ண முடியாதா? தாளிலேயே அப்பீல் உரிமை இருக்குன்னு போட்டிருக்குமே?


நெடுவழி | ஜனவரி 15, மாலை 5:03

போட்டிருக்கும். ஷெங்கன் மறுப்பு எதுவானாலும் மேல்முறையீட்டு உரிமை உண்டு. ஆனால் யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த மொழியில் என்பது மறுத்த நாட்டின் சொந்தச் சட்டப்படி. ஜெர்மனியில் தூதரகத்துக்கே ஆட்சேபக் கடிதம் எழுதி மறுபடி பார்க்கச் சொல்லும் இலவச வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றம் போக வேண்டும்.

நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். நீங்கள் கொடுத்த காகிதம் முழுமையாகவும் உண்மையாகவும் இருந்து, அதிகாரி தவறாகப் படித்துவிட்டார் என்றால் மேல்முறையீடு. காகிதத்திலேயே குறை என்றால் புது விண்ணப்பம். பனித்துளி மேல்முறையீடு செய்தால் எதை நியாயப்படுத்துவார்? கேன்சல் செய்த ஹோட்டலையா?

இங்கிலாந்தில் குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமை 2013லேயே போய்விட்டது. கனடாவில் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கேட்கலாம், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு 60 நாள் கெடு. ஒரு சுற்றுலா விசாவுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு.


ஒற்றையடிப்பாதை | ஜனவரி 16, காலை 10:25

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கனடா பற்றிப் பேச்சு வந்ததால். எனக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் ‘பயணம் முடிந்து திரும்புவீர்கள் என்று திருப்தி ஏற்படவில்லை’ என்ற பொதுவான வரிதான் இருந்தது. எதை மாற்றுவது என்றே புரியவில்லை. அங்கே வசிக்கும் நண்பர் என் சம்மதக் கடிதத்தோடு தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்து அதிகாரியின் கணினிக் குறிப்பை எடுத்துக் கொடுத்தார். கட்டணம் 5 கனடிய டாலர். குறிப்பைப் படித்தபோது ஒரே வரியில் விடை இருந்தது. நான் சொந்தத் தொழில் என்று எழுதியிருந்தேன், அதற்கு வரி ஆவணம் வைக்கவே இல்லை. நான் மணமாகாதவன் என்பதற்காக மறுத்தார்கள் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

2025 ஜூலைக் கடைசியிலிருந்து சில மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். வந்திருந்தால் அதை முதலில் படியுங்கள்.


பனித்துளி | ஜனவரி 16, இரவு 9:55

ஒற்றையடிப்பாதை எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய ஃபைல் நகலை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தாளாக. எதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று அன்று நான் படிக்கவே இல்லை.

பயண இன்ஷூரன்ஸ் தாளில் ‘அவசரத் தொடர்பு’ என்ற இடத்தில் தங்கையின் பெயரும் அந்த நாட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது நானேதான் கொடுத்தேன். அங்கே எனக்கு யாரும் இல்லாத மாதிரி ஒரு பக்கம் காட்டிவிட்டு, இன்னொரு பக்கம் அவள் எண்ணை நானே எழுதியிருக்கிறேன்.

இதனால்தான் மறுத்தார்களா என்று தெரியாது. ஆனால் நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். இத்தனை நாளாக இருந்த கோபம் இன்று இறங்கிவிட்டது. ஏஜென்ட்டிடம் போய் ஆவணங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இனி நானே போடுகிறேன்.

கடிதம் எழுதிப் பார்த்தேன். தமிழில் இங்கே போடுகிறேன், சரியானதும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறேன்.

“மதிப்பிற்குரிய விசா அதிகாரி அவர்களுக்கு, பதினேழு ஆண்டுகளாக நேர்மையாகப் பணியாற்றும் ஆசிரியை நான். என் விண்ணப்பத்தை மறுத்தது எனக்கு மிகுந்த மன வேதனை அளித்தது. தாயில்லாப் பிள்ளைகளான எங்களுக்கு வேறு ஆதரவு இல்லை. என் தங்கையின் பிரசவ நேரத்தில் அருகில் இருக்கக் கருணை கூர்ந்து அனுமதிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.”


எழுதுகோல் | ஜனவரி 17, அதிகாலை 5:40

அம்மா, கடிதம் படித்தேன். மனம் கலங்கியது. ஆனால் அதிகாரி இதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாதே. கருணை காட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை, திருப்தி அடையும் கடமைதான் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கும்படி எழுதுங்கள். மறுப்பை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இப்படி:

“கடந்த ஜனவரியில் நான் கொடுத்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அதில் பயண நோக்கம் சுற்றுலா என்றும் ஹோட்டல்களில் தங்குவதாகவும் குறிப்பிட்டிருந்தேன். உண்மையில் நான் பார்க்க விரும்புவது அங்கே வசிக்கும் என் தங்கையை. அதை அப்போது தெரிவிக்காதது என் தவறு, அதற்கு வருந்துகிறேன். அவருக்கு மே மாத இறுதியில் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது, மருத்துவச் சான்று இணைப்பு 3. அவர் வீட்டில் 24 நாள் தங்குவேன், அழைப்பும் வசிப்பிட உரிம நகலும் இணைப்பு 4, 5. எங்கள் உறவுக்குப் பிறப்புச் சான்றிதழ்கள் இணைப்பு 6. ஜனவரி ஸ்டேட்மெண்டில் காணும் பெருந்தொகை என் அண்ணன் கொடுத்தது, அதைத் திருப்பிவிட்டேன், அதன் பதிவு இணைப்பு 7இல் குறியிடப்பட்டுள்ளது. பள்ளி அனுமதித்த விடுப்பும் நான் பணிக்குத் திரும்ப வேண்டிய தேதியும் இணைப்பு 8.”

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.


கடற்காகம் | ஜனவரி 17, காலை 8:15

ஐயா, ‘என் தவறு’ன்னு எழுதிக் கொடுத்தா அதையே பிடிச்சுக்கிட்டு மறுபடி மறுத்துட மாட்டாங்களா? எனக்கு அது பயமா இருக்கு. ஏஜென்ட் சொல்லித்தான் செஞ்சேன்னாவது எழுதலாமே.


எழுதுகோல் | ஜனவரி 17, காலை 9:30

நியாயமான பயம்தான், தம்பி. மறுக்கவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஜனவரியில் சுற்றுலா என்று எழுதியது அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. ஏப்ரலில் தங்கை வீடு என்று எழுதினால் இரண்டும் முரண்படும். அந்த முரண்பாட்டை அவர்களாகக் கண்டுபிடிப்பது ஒன்று, நாமே எடுத்துச் சொல்லி விளக்குவது வேறு.

ஏஜென்ட்டைப் பற்றி எழுத வேண்டாம். கையெழுத்து இவருடையது. பழியை வேறு யார் மேலாவது போட்டால், இந்தப் படிவத்தையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாரோ என்று தோன்றும்.


மாலைவெயில் | ஜனவரி 17, மாலை 4:44

ஒரு சின்ன விஷயம். மூன்று மாதம் கழித்துப் போடும்போது பழைய இன்ஷூரன்ஸ், பழைய பள்ளிக் கடிதம் எதையும் மறுபடி வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் தேதி புதிதாக இருக்கட்டும். விரல் ரேகை மட்டும் 59 மாதம் வரை பழையதையே எடுத்துக்கொள்வார்கள். படிவத்தில் முன்பு ரேகை கொடுத்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, தேதியும் போடுங்கள்.


பனித்துளி | ஏப்ரல் 6, இரவு 8:30

இன்று கொடுத்துவிட்டேன். 24 நாள், மே 29 முதல் ஜூன் 21 வரை. அதே ஃபைல்தான், ஆனால் இப்போது பாதி கனம். ஒவ்வொரு தாளும் எதற்கு இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. கவுன்டரில் இருந்த பெண் ‘முன்பு மறுக்கப்பட்டதா’ என்று கேட்டார். ஆமாம், கடிதத்தில் முதல் வரியே அதுதான் என்றேன்.

கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் என்ன செய்வது என்று தங்கையிடமும் பேசிவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன்பு இருந்த நடுக்கம் இல்லை.


பனித்துளி | ஏப்ரல் 24, மதியம் 12:05

விசா வந்துவிட்டது! பாஸ்போர்ட்டைத் திறக்கும்போது கை நடுங்கியது. எழுதுகோல் ஐயா, நெடுவழி ஐயா, எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தங்கை தொலைபேசியில் அழுதுவிட்டாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நான் கேட்டது ஜூன் 21 வரை. ஸ்டிக்கரில் ஜூலை 6 வரை என்று இருக்கிறது. கூடுதலாக இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்களா? தங்கை ‘அப்படின்னா இன்னும் பத்து நாள் இரேன்’ என்கிறாள்.


எழுதுகோல் | ஏப்ரல் 24, மதியம் 12:40

மிகுந்த மகிழ்ச்சி அம்மா. ஆனால் கவனம். அதே ஸ்டிக்கரில் தங்கும் காலம் என்று தனியாக ஒரு எண் இருக்கும், பாருங்கள். 24 என்று இருந்தால் 24 நாள்தான். ஜூலை 6 என்பது பயணத் தேதி தள்ளிப்போனால் உதவ, வழக்கமாகச் சேர்க்கும் 15 நாள் சலுகை. அதற்குள் எந்த 24 நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், 25ஆவது நாள் இருக்க முடியாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபரிலிருந்து நுழைவதையும் வெளியேறுவதையும் கணினியிலேயே பதியும் முறை எல்லைகளுக்கு வந்துவிட்டது. நாள் தவறினால் தானாகத் தெரிந்துவிடும்.

அழைப்புக் கடிதம், இன்ஷூரன்ஸ், திரும்பும் டிக்கெட் மூன்றின் நகலையும் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். விசா இருந்தாலும் எல்லையில் அதிகாரி கேட்கலாம்.


பனித்துளி | ஏப்ரல் 24, மதியம் 1:15

பார்த்தேன் ஐயா, 24 என்றுதான் இருக்கிறது. தங்கையிடம் சொல்லிவிட்டேன். மே 29 காலை இறங்கி, ஜூன் 21 இரவு கிளம்புகிறேன், இரண்டு நாளும் சேர்த்தே 24. நகல்களைக் கைப்பையில் வைத்துவிட்டேன்.